வேறு பேண்டிலிருந்து அழைப்பு வந்தால்: போவதா, இருப்பதா?

"எங்களோட வந்து வாசிக்கிறீங்களா?" என்று வேறொரு பேண்டிலிருந்து யாராவது கேட்டுவிட்டால் போதும், மனசு உடனே எடைபோட ஆரம்பித்துவிடும். அவர்கள் பாட்டு நன்றாக இருக்கிறது, மேடை பெரிசு, வீடியோவை நிறையப் பேர் பார்க்கிறார்கள். இதெல்லாம் கூட்டத்தில் நின்று கேட்பவரின் கணக்கு. உள்ளே போய் வாசிக்கப்போகிறவர் போட வேண்டிய கணக்கு வேறு. நிகழ்ச்சி எதுவும் இல்லாத ஒரு சாதாரண வாரத்தில் அந்த பேண்ட் என்னிடம் என்ன கேட்கும், எனக்கு என்ன கொடுக்கும்? மேடையில் நிற்பது ஒன்றரை மணி நேரம். பயணம், சாமான் ஏற்றி இறக்குவது, சவுண்ட் செக், காத்திருப்பு எல்லாம் சேர்த்தால் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஓடிவிடும். ரிகர்சல் தனி. மாறிவிட்டு வருத்தப்படுகிறவர்கள் பெரும்பாலும் அந்த ஒன்றரை மணி நேரத்தை மட்டும் பார்த்து மாறியவர்கள்தான்.

அழைப்பை ஆராய்வதற்கு முன்னால் இருக்கிற பேண்டைப் பார்த்துவிடுங்கள். ஏன் போகத் தோன்றுகிறது என்பதை ஒரே வரியில் எழுதிப் பார்க்க வேண்டும். "போரடிக்குது" என்றெல்லாம் எழுதினால் அது காரணமாகாது. "ஒன்பது மாசமா செட்டுல ஒரு புதுப் பாட்டுகூட ஏறல", "ஏழு மணி ரிகர்சல் என்னைக்குமே ஏழே முக்காலுக்குத்தான் ஆரம்பிக்குது", "நான் போட்ட இன்ட்ரோவுக்கு என் பேர் வரல" என்கிற அளவுக்குக் கறாராக இருக்க வேண்டும். அப்படி எழுதிவிட்டால் அது எந்த வகைப் பிரச்சினை என்று தெரிந்துவிடும். சில பிரச்சினைகள் வாய்விட்டுக் கேட்டாலே தீரும். சில என்ன கேட்டாலும் தீராது: பாடகருக்கு இதுதான் பிடிக்கும், உங்களுக்கு அது பிடிக்காது என்றால் அதற்கு மருந்து இல்லை. மூன்றாவது வகை கொஞ்சம் சங்கடமானது. வீட்டில் பயிற்சி செய்ய நேரம் கிடைக்காதது, சத்தமாக வாசித்து மற்றவர்களை எரிச்சலாக்குவது போன்றவை உங்களோடு கூடவே புது பேண்டுக்கும் வரும்.

முதல் வகையாக இருந்தால், ஒரே ஒரு மாற்றத்தைத் தெளிவாகக் கேட்டுவிட்டு எட்டு வாரம் கொடுத்துப் பாருங்கள். அப்போது வேறு பேண்ட் கூப்பிட்ட விஷயத்தை இழுக்காமல் இருப்பது நல்லது. மிரட்டலுக்கு இறங்கிவந்த பேண்ட் அதை மறக்காது. அடுத்த சண்டையில் "போறதுன்னா போயேன்" என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்.

சரி, அழைப்பு. முதல் கேள்வி, அந்த இடம் ஏன் காலியானது. அவர்கள் சொல்லும் காரணத்தைக் கேட்டுக்கொண்டு, முன்பு அங்கே வாசித்தவரிடமும் நேரில் பேசுங்கள். அவரும் எல்லாவற்றையும் சொல்லமாட்டார், ஆனால் "திரும்பக் கூப்பிட்டா போவீங்களா?" என்று கேட்டால் பதில் வர எடுக்கும் நேரமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். ஒரே இடத்தில் இரண்டு வருஷத்தில் மூன்று பேர் மாறியிருந்தால் கோளாறு ஆட்களில் இல்லை, அந்த நாற்காலியில் இருக்கிறது. டிரம்மர் இடம் இப்படி அடிக்கடி காலியாகும் பேண்ட்களில், தாளம் நிற்காத இன்னொருவர் உள்ளே இருப்பார், பழி மட்டும் டிரம்மர் மேல் விழுந்துகொண்டிருக்கும். அவர்களுடைய மேடைப் பதிவு ஒன்றை மெட்ரோனோம் வைத்துக் கேளுங்கள். ஃபில் (பாட்டின் ஒரு பகுதிக்கும் அடுத்ததற்கும் நடுவே டிரம்மர் நிரப்பி வாசிப்பது) வரும் இடங்களில் மட்டும் வேகம் ஓடினால் அது டிரம்மர். கோரஸ் வரப்போகும்போதே ஒட்டுமொத்தமாக ஓடத் தொடங்கினால், ரிதம் கிட்டாரோ பாடகரோ எல்லோரையும் இழுத்துக்கொண்டு போகிறார்கள். அப்படிப்பட்ட இடத்துக்கு எத்தனை நல்ல டிரம்மர் போனாலும் ஆறு மாதத்தில் அவரும் "சரியில்லாதவர்" ஆகிவிடுவார்.

அடுத்தது தேதிகள். "நிறைய ஷோ வருது" என்பதை அப்படியே ஏற்க வேண்டாம். அட்வான்ஸ் வந்தது, அல்லது எழுத்தில் உறுதியானது, இவை மட்டும் தேதி. "பேசிட்டிருக்கோம்" என்பவை எல்லாம் பூஜ்யம். அடுத்த நான்கு மாதத்துக்கு உறுதியான தேதிகளை வாங்கி, உங்கள் இப்போதைய பேண்டின் தேதிகளுக்குப் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், பெரிய பேண்ட் என்று நினைத்தது சில சமயம் சின்னதாகத் தெரியும்.

பணத்தில் கேட்க வேண்டியது "தலைக்கு எவ்வளவு" என்பதை விட "எந்த வரிசையில் கழிக்கிறீர்கள்" என்பது. ஒரு நிகழ்ச்சிக்கு 100 பங்கு வருகிறது என்று வையுங்கள். ஏஜெண்டுக்கு 15, பயணத்துக்கு 12, சவுண்டுக்கு 18 போக மீதி 55. அதில் பத்து சதவீதம் பேண்ட் நிதிக்கு எடுத்தால் 49.5 நிற்கும். ஐந்து பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 9.9. நிதிக்கான பத்து சதவீதத்தை மொத்தத் தொகையிலிருந்தே எடுத்தால் மீதி 45, ஆளுக்கு 9. பேண்டை நடத்துகிறவருக்கு இரண்டு பங்கு என்றால் அதே 45-ஐ ஆறாகப் பிரிக்க வேண்டும், உங்களுக்கு 7.5. எல்லாமே "ஈக்குவல் ஷேர்" என்ற பெயரில்தான் நடக்கும். நடத்துகிறவர் புக்கிங், கணக்கு, வண்டி எல்லாம் பார்க்கிறார் என்றால் இரண்டு பங்கு நியாயம்தான், அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், அவ்வளவே. பேண்ட் நிதி என்றால் அதில் எவ்வளவு இருக்கிறது, யார் கையில் இருக்கிறது, ஒருவர் விலகும்போது அவருக்கு அதில் ஏதாவது உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

இதோடு ஒட்டியது, நீங்கள் உறுப்பினரா, கூலிக்கு வாசிப்பவரா என்பது. இரண்டிலும் தவறில்லை. குழப்பிக்கொள்வதில்தான் வம்பு. ரோலிங் ஸ்டோன்ஸில் 1975-ல் வாசிக்க வந்த கிட்டாரிஸ்ட் ரானி வுட்கூடப் பல வருஷம் சம்பளத்துக்குத்தான் இருந்தார், பங்குதாரர் ஆனது வெகு காலம் கழித்து. கூலிக்கு என்றால் நிகழ்ச்சிக்கு நிலையான தொகை, ரிகர்சலுக்குத் தனித் தொகை, ரத்தானால் என்ன என்பவை பேசி முடிய வேண்டும். அந்த நிலையில் பேண்ட் நிதிக்கு உங்களிடம் பிடிக்கக் கூடாது, ஸ்பீக்கர் வாங்க உங்களிடம் பணம் கேட்கவும் கூடாது. உறுப்பினர் என்றால் வாக்கு வேண்டும், கணக்கு பார்க்கும் உரிமை வேண்டும். உறுப்பினருக்கு உரிய வேலையும் செலவும், கூலிக்காரருக்கு உரிய வாக்கும் என்று வருகிற அழைப்புகள்தான் அதிகம், அவற்றைத் தயங்காமல் விட்டுவிடலாம்.

இன்னொரு நிபந்தனையையும் கேட்டு வையுங்கள்: வெளியே வாசிக்கலாமா? 1986-ல் ஃப்ளாட்சம் அண்ட் ஜெட்சம் பேண்டை விட்டு மெட்டாலிகாவில் சேர்ந்த பேஸ் கலைஞர் ஜேசன் நியூஸ்டெட் 2001 ஜனவரியில் விலகினார். அவருடைய தனி முயற்சியான எக்கோபிரெயின் பற்றிய தகராறு அதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. அந்த அளவில் இருந்தவர்களுக்கே அது ஒரு பேச்சில் தீரவில்லை. சேரும்போது இது கேட்பதற்கு மிக எளிய கேள்வி, சேர்ந்து ஒரு வருஷம் ஆன பிறகு கேட்டால் துரோகம் மாதிரி தெரியும்.

இரண்டு ரிகர்சல் கேளுங்கள்

ஆடிஷன் ஒன்றோடு முடிவு செய்யாதீர்கள். முதல் தடவை எல்லோரும் நல்ல பிள்ளையாக இருப்பார்கள். குறைந்தது இரண்டு ரிகர்சல் வேண்டும், இரண்டாவது அவர்களுடைய வழக்கமான நாளில், வழக்கமான இடத்தில். நான்கைந்து பாட்டு போதும், ஆனால் அவற்றைச் சுத்தமாகத் தயார் செய்துகொண்டு போங்கள். அப்போதுதான் உங்கள் கவனம் விரலை விட்டு ஆட்கள் பக்கம் திரும்பும். சுருதி, பாட்டின் வேகம், ரெக்கார்டிங்கில் உள்ள அமைப்பா மேடையில் வாசிக்கும் அமைப்பா என்பதை முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுங்கள். ஆல்பத்தில் ஒரு சுருதி, மேடையில் அரைச் சுருதி கீழே என்பது சர்வசாதாரணம். அதைச் சொல்லாமல் விட்டுவிட்டு வந்தவரைத் திணற வைத்தால், வேண்டுமென்றே செய்திருக்கமாட்டார்கள், ஆனால் அந்த பேண்டில் யாரும் எதையும் எழுதிவைப்பதில்லை என்று அர்த்தம்.

மொபைலை அறையின் நடுவில், இடுப்பு உயரத்தில் வைத்து முழுவதையும் பதிவு செய்யுங்கள், சொல்லிவிட்டுத்தான். அன்றைக்கே கேட்காமல் மறுநாள் கேளுங்கள். கேட்கும்போது கையில் பேனா இருக்கட்டும். மூன்று மணி நேரத்தில் எத்தனை நிமிஷம் வாசித்தீர்கள்? 100 நிமிஷத்துக்கு மேல் என்றால் நல்ல பேண்ட். 60-க்கும் கீழே என்றால் அது நண்பர்கள் சந்திக்கும் இடம், அதுவும் தப்பில்லை, அதைத் தெரிந்துகொண்டு போகலாம். தப்பு வந்தால் நிறுத்தி அந்த எட்டு பாரை மட்டும் திருப்பிப் பார்க்கிறார்களா, தலையிலிருந்து முழுப் பாட்டையும் மறுபடி ஓட்டுகிறார்களா? இரண்டாவது ரகத்தில் இன்ட்ரோ தேனாக இருக்கும், கடைசிப் பகுதி எப்போதும் ஆட்டம் காணும். நீங்கள் ஒரு யோசனை சொன்னபோது வாசித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார்களா, வாசிக்காமலேயே வேண்டாம் என்றார்களா? பதிவில் இது அப்படியே இருக்கும், நினைவில் இருக்காது.

சத்தத்தையும் அளந்துவிடுங்கள். மொபைல் ஆப் துல்லியமாக இருக்காது என்றாலும் ஒரு கணிப்புக்குப் போதும். வேலையிடங்களுக்கு நியோஷ் (அமெரிக்க அரசின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம்) தரும் பரிந்துரை 85 டெசிபலில் நாளுக்கு எட்டு மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 94-ல் ஒரு மணி நேரம், 100-ல் கால் மணி நேரம். சின்ன அறையில் டிரம்ஸும் இரண்டு ஆம்ப்பும் சேர்ந்தால் 100 தொடுவது பெரிய விஷயமே இல்லை. ஒருவர் ஆம்ப்பைக் கூட்ட, மற்றவர் கூட்ட, கடைசியில் பாடகர் கத்திக்கொண்டிருக்கும் பேண்டில் காதும் தொண்டையும் இரண்டே வருஷத்தில் பழுதாகலாம். "கொஞ்சம் குறைச்சுக்கலாமா?" என்று முதல் ரிகர்சலிலேயே கேட்டுப் பாருங்கள். ஒருவருக்கொருவர் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பரீட்சை எனக்குத் தெரியவில்லை.

கருவி ஒத்துவருமா என்பதைப் பலர் கடைசிவரை யோசிப்பதே இல்லை. புது பேண்ட் எல்லாவற்றையும் அரைச் சுருதி இறக்கி இ ஃப்ளாட்டில் வாசிக்கிறது என்று வையுங்கள். அதே கம்பியை அரைச் சுருதி இறக்கினால் இழுவிசை சுமார் 11 சதவீதம் குறையும். கழுத்தை வளைக்கும் இழுப்பு குறைவதால் கழுத்து நேராகும், கம்பி ஃப்ரெட்டில் உரசிச் சத்தம் எழுப்பும், ஓங்கி வாசித்தால் முதல் கணத்தில் சுருதி மேலே எகிறும். 10-46 கம்பி செட் (மிக மெல்லிய கம்பி 0.010 அங்குலம், மிகத் தடித்தது 0.046) போட்டிருந்தவர் 11-ல் தொடங்கும் செட்டுக்குப் போனால் இழுவிசை ஏறக்குறைய பழைய நிலைக்கு வரும், மெல்லிய கம்பிகளில் கொஞ்சம் கூடவே இருக்கும். ஆனால் நட்டின் (கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் அமரும் துண்டு) பள்ளம் குறுகலாக இருந்தால் கம்பி சிக்கி, அதைத் தள்ளி பெண்ட் செய்தபின் சுருதி திரும்பாது. அப்போது பள்ளத்தை அகலப்படுத்த வேண்டும். ஸ்பிரிங் தாங்கும் மிதக்கும் பிரிட்ஜ் என்றால் பின்னாலுள்ள ஸ்பிரிங் திருகையும் சரிசெய்து, பிறகு இன்டோனேஷனையும் (கழுத்து முழுக்கச் சுருதி சேர்கிறதா என்பதையும்) பார்க்க வேண்டும். இது மேடை ஓரத்தில் ஐந்து நிமிஷத்தில் செய்யும் வேலை கிடையாது. இரண்டு பேண்டிலும் கொஞ்ச காலம் வாசிக்க நினைத்தால் இரண்டு கிட்டார் வேண்டும் என்று இங்கேயே தெரிந்துவிடுகிறது.

மற்றவர்களுக்கும் இப்படி ஏதாவது இருக்கும். பேஸ் வாசிப்பவருக்கு ஐந்தாவது கம்பி உள்ள பேஸ் தேவைப்படலாம். கீபோர்டுக்காரருக்கு பேட்ச்: அவர்களுடைய பழைய கீபோர்டில் செய்த சவுண்ட் ஃபைல் உங்கள் மாடலில் திறக்காது, ஒவ்வொன்றையும் காதால் கேட்டுத் திரும்பச் செய்ய வேண்டும். பாடகர், செட்டிலேயே உச்சமான சுரத்தைத் தொட முடிகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. முழு செட்டையும் 90 நிமிஷம் பாடி, மறுநாளும் பாடிப் பார்க்க வேண்டும், இரண்டாம் நாள்தான் உண்மை தெரியும். கிளிக் (காதில் ஓடும் மெட்ரோனோம் ஒலி) கேட்டு வாசித்துப் பழகாத டிரம்மருக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் தினசரிப் பயிற்சி தேவைப்படும். அதற்குள் மேடை ஏறினால், முன்பே பதிவு செய்து கூடவே ஓட்டும் பேக்கிங் ட்ராக் ஒரு பக்கம், பேண்ட் ஒரு பக்கம் போகும்.

பேக்கிங் ட்ராக் பற்றி ஒரு கிளைச் செய்தி. 44.1 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில் செய்த ட்ராக்கை 48-ல் ஓடும் கருவி மாற்றாமல் அப்படியே வாசித்தால் வேகம் ஏறத்தாழ 9 சதவீதம் கூடி, சுருதி ஒன்றரை செமிடோன் மேலே போய்விடும். புது பேண்டின் ட்ராக்குகளை உங்கள் லேப்டாப்பில் ஏற்றும்போது எல்லாமே "கொஞ்சம் வேகமா, சுருதி சேராம" இருந்தால் உங்கள் காதைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் இதைப் பாருங்கள்.

பாட்டுகளைக் கற்கும் நேரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். 30 பாட்டு, பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் 45 மணி நேரம். தினம் ஒரு மணி நேரம் கொடுக்க முடிகிறவருக்கு ஆறு வாரத்துக்கு மேல். மூன்று வாரத்தில் முதல் ஷோ என்று சொன்னால், "முதல்ல பதினைஞ்சு பாட்டுக்கு நான் வர்றேன், மீதிக்குப் பழையவரையோ வேற ஒருத்தரையோ வெச்சுக்குங்க" என்று பேசிப் பார்க்கலாம். முடியாது என்றால் முதல் ஷோவைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். அரைகுறையாக ஏறி வாங்கும் பெயர் அடுத்த ஒரு வருஷத்துக்கு ஒட்டிக்கொள்ளும்.

இரண்டிலும் இருக்கலாமே?

இருக்கலாம். இரண்டும் வாரத்துக்கு ஒரு ரிகர்சல், மாதத்துக்கு இரண்டு ஷோ என்ற அளவுக்குள் இருந்தால், இரண்டுமே ஒரே ரசிகர்களுக்குப் போட்டியிடாவிட்டால். முதலில் உறுதியான தேதிக்கே முதலிடம் என்ற விதியை இரண்டு பக்கமும் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் ஷோ எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இந்த விதியைத் தளர்த்தக் கூடாது. ஒரு தடவை தளர்த்தினால் அது விதியே இல்லை. இரண்டு பேண்டிலும் உங்களுக்குப் பதிலாக வரக்கூடிய ஒருவர் பாதிப் பாட்டுகளாவது தெரிந்து வைத்திருக்க வேண்டும். புதுப் பாட்டு உருவாக்கும் பேண்டாக இருந்தால் இந்த ஏற்பாடு நாள்படத் தாங்காது. நீங்கள் நல்ல மெட்டு ஒன்றைப் பிடித்தால் எந்த பேண்டுக்குக் கொடுப்பீர்கள் என்ற கேள்வி வந்து நிற்கும், அதற்கு நீங்கள் சொல்லும் பதிலே நீங்கள் எந்த பேண்டில் இருக்கிறீர்கள் என்பதைக் காட்டிக் கொடுத்துவிடும். காதுக்கான கணக்கும் இரட்டிப்பாகிறது என்பதை மறக்காதீர்கள்.

போவதென்று முடிவானால்

புது பேண்டின் வார்த்தை எழுத்தில் வந்த பிறகுதான் பழைய பேண்டில் பேச வேண்டும். பெரிய ஒப்பந்தம் எதுவும் தேவையில்லை. எந்தத் தேதியிலிருந்து, உறுப்பினரா கூலியா, பங்கு எப்படி, வெளியே வாசிக்கலாமா, விலகினால் எத்தனை வார முன்னறிவிப்பு என்று பத்து வரியில் ஒரு மெயில் போதும். அதற்கு "சரி" என்று பதில் வராமல் இரண்டு வாரம் இழுத்தால் அதுவே ஒரு பதில்.

பழைய பேண்டை நடத்துகிறவரிடம் முதலில் நேரில் சொல்லுங்கள், மற்றவர்களுக்கு அதே நாளில். வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டு வெளியேறுவது மிக மோசமான வழி, ஷோவுக்குக் கிளம்பும் வண்டியில் சொல்வது அதைவிட மோசம். காரணம் ஒன்று போதும். ஐந்து வருஷக் குறைகளை வரிசைப்படுத்தினால் பேச்சு விலகலை விட்டுவிட்டு, மூன்றாவது குறை உண்மையா பொய்யா என்பதில் போய் நின்றுவிடும்.

எத்தனை வாரம் கொடுக்க வேண்டும்? வாரக் கணக்கை விடத் தேதிக் கணக்கு சரியானது. உங்கள் பெயரை நம்பி ஒப்புக்கொண்ட ஷோக்களை வாசித்து முடிப்பது, அல்லது உங்களுக்குப் பதில் ஒருவரைத் தயார் செய்து கொடுப்பது. 1968-ல் யார்ட்பேர்ட்ஸ் கலைந்தபோது ஸ்காண்டிநேவியாவில் ஒப்புக்கொண்ட நிகழ்ச்சிகள் பாக்கி இருந்தன. அதன் கிட்டாரிஸ்ட் ஜிம்மி பேஜ் புது ஆட்களைச் சேர்த்து, அவற்றை வாசித்து முடித்தார். அந்தப் புது ஆட்கள்தான் பிறகு லெட் செப்பலின். எல்லோருக்கும் அப்படி அமையாது என்றாலும், பாக்கித் தேதியை முடிப்பது என்பது தொழிலில் எப்போதுமே உள்ள வழக்கம். பதிவு நடந்துகொண்டிருந்தால் உங்கள் பகுதிகளை முதலில் முடித்துக் கொடுத்துவிடுங்கள். பாதி ஆல்பத்தில் பேஸ் ஒருவர், மீதியில் இன்னொருவர் என்றால் மிக்ஸ் செய்கிறவர் இரண்டு பேரையும் திட்டுவார்.

கையளிக்க வேண்டியதைத் தனி ஃபோல்டராகப் போடுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் சுருதி, பி.பி.எம். (நிமிஷத்துக்கு எத்தனை பீட்), தாளம், தொடக்க கவுண்ட் யார் கொடுப்பது, எந்த இடத்தில் ஆல்பத்திலிருந்து மாறுகிறது, முடிவு எப்படி. கூடவே கார்டு ஷீட், பேட்ச் ஃபைல்கள், அவற்றை உருவாக்கிய கருவியின் பெயர், பேக்கிங் ட்ராக்குகளில் ஒவ்வொரு ஒலியும் தனித்தனியாக உள்ள மூல வேவ் ஃபைல்கள். எல்லாம் கலந்த எம்பி3 மட்டும் கொடுத்துவிட்டுப் போனால் நாளைக்கு அதில் ஒரு ஷேக்கர் ஒலியைக் குறைக்க வேண்டும் என்றால்கூட அவர்களால் முடியாது. பிறகு கணக்குகள்: சமூக வலைப் பக்கத்தின் அட்மின், மெயில், இணையதள டொமைன், பாட்டுகளை ஸ்ட்ரீமிங் தளங்களுக்கு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் கணக்கு. இந்தக் கடைசி ஒன்று அடிக்கடி ஒருவருடைய சொந்த மெயிலில், சொந்தக் கார்டில் திறக்கப்பட்டிருக்கும். அவர் போய் ஒரு வருஷத்தில் கார்டு காலாவதியாகி, ஆண்டுக் கட்டணம் போகாமல், பாட்டுகள் தளங்களிலிருந்து காணாமல் போன பிறகுதான் எல்லோரும் ஓடுவார்கள். போகும்போதே மாற்றிக் கொடுத்துவிடுங்கள்.

சாமான்களில் சொந்தப் பணத்தில் வாங்கியது உங்களுடையது, பேண்ட் நிதியில் வாங்கியது பேண்டுடையது. சேர்ந்து பணம் போட்டு வாங்கிய மிக்ஸர் மாதிரியானவற்றுக்கு, இன்றைக்குப் பழைய சாமானாக விற்றால் என்ன கிடைக்குமோ அதில் உங்கள் பங்கு. வாங்கிய விலையில் பங்கு கேட்டால் சண்டைதான் மிஞ்சும். ஒரு சின்ன விஷயம், கேபிள், அடாப்டர், மைக் ஸ்டாண்ட் எல்லாம் இரண்டு பக்கமும் கலந்து கிடக்கும். கடைசி ஷோவுக்கு முந்தைய ரிகர்சலில் உட்கார்ந்து பிரித்துவிடுங்கள், கடைசி ஷோ முடிந்த ராத்திரி இருட்டில் வேண்டாம்.

பாட்டு யாருடையது என்பதுதான் கனமான பகுதி. இங்கே இரண்டு தனித்தனி உரிமைகள் இருக்கின்றன. மெட்டும் வரிகளும் ஒன்று, அதைப் பதிவு செய்த ஒலிப்பதிவு இன்னொன்று. நீங்கள் விலகினாலும் நீங்கள் எழுதிய பங்கு உங்களுடையதுதான், ஆனால் எது எவ்வளவு என்று எழுதியிருந்தால்தான் அதற்கு உயிர். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு தாள்: பாட்டின் பெயர், யார் மெட்டு, யார் வரி, ஆளுக்கு எத்தனை சதவீதம், கூட்டினால் 100 வர வேண்டும், தேதி, எல்லோர் கையெழுத்தும். இதை விலகும் பேச்சு எடுக்கும் முன்பே, சுமுகமாக இருக்கும்போதே போட்டு வைத்திருப்பது புத்திசாலித்தனம். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டிஷ் நீதிமன்றங்களில் நல்ல உதாரணங்கள் உண்டு. ப்ரோகல் ஹாரம் பேண்டின் ஆர்கன் கலைஞர் மேத்யூ ஃபிஷர், 1967-ல் வந்த பாட்டில் தன் ஆர்கன் பகுதிக்குப் பங்கு கேட்டு 2005-ல் வழக்குப் போட்டார். 2009-ல், அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அவருக்கு இசை உரிமையில் 40 சதவீதம் உண்டு என்றது. ஆனால் வழக்குக்கு முந்தைய 38 வருஷப் பணம் வரவில்லை. தி ஸ்மித்ஸ் டிரம்மர் மைக் ஜாய்ஸ் விஷயம் வேறு மாதிரி. பாடகர் மோரிஸியும் கிட்டாரிஸ்ட் ஜானி மாரும் தலா 40 சதவீதம், மற்ற இருவருக்குத் தலா 10 என்று பணம் பிரிந்துகொண்டிருந்தது. அப்படி ஒப்புக்கொண்டதற்கு அத்தாட்சி இல்லாததால் 1890-ம் வருஷத்துக் கூட்டாண்மைச் சட்டப்படி சமபங்கு என்று 1996-ல் தீர்ப்பானது. ஜாய்ஸுக்கு 25 சதவீதம். பேஸ் கலைஞர் ஆண்டி ரூர்க் 1989-லேயே 83,000 பவுண்டு வாங்கிக்கொண்டு 10 சதவீதத்துக்குச் சமரசம் செய்திருந்தார், அவருக்கு அந்த 25 கிடைக்கவில்லை. பிரிந்த பிறகு அவசரத்துக்குப் போடும் கையெழுத்து எவ்வளவு விலை பிடிக்கும் என்பதற்கு இதுபோதும்.

பேண்ட் பெயரும் இப்படித்தான். சாக்ஸன் பேண்டின் பெயரை விலகிய இருவர் டிரேட்மார்க்காகப் பதிவு செய்துகொண்ட வழக்கில், பெயர் தனித்தனி உறுப்பினருக்குச் சொந்தமல்ல, கூட்டாண்மைக்குச் சொந்தம் என்று 2003-ல் தீர்ப்பு வந்தது. எனவே புது பேண்டின் போஸ்டரில் பழைய பேண்ட் பெயரை எப்படிப் போடுவது என்பதையும் போகும்போதே பேசிவிடுங்கள். "முன்னாள் கிட்டாரிஸ்ட்" என்று சின்ன எழுத்தில் போடுவதற்கு யாரும் ஆட்சேபிக்கமாட்டார்கள், உங்கள் பெயரை விடப் பழைய பேண்டின் பெயர் பெரிதாக வந்தால் ஆட்சேபம் வரும்.

ரெக்கார்ட் கம்பெனியோடு ஒப்பந்தம் இருந்தால் விலகும் உறுப்பினர் பற்றிய ஷரத்தைத் தேடிப் படியுங்கள். நீங்கள் விலகிய பிறகு தனியாகவோ வேறு பேண்டோடோ செய்யும் பதிவுகள் மீதும் கம்பெனிக்கு முதல் உரிமை இருப்பதாக அதில் எழுதியிருக்கலாம். அப்படி இருந்தால் நீங்கள் சேர்வதால் புது பேண்டும் அந்தச் சிக்கலுக்குள் வந்துவிடும். அவர்களிடம் மறைக்கக் கூடாத விஷயம் இது. இந்த ஓர் இடத்தில் மட்டும் இசை ஒப்பந்தம் தெரிந்த வக்கீலுக்குக் காசு கொடுப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

பதிவாகாத ரிஃப்களும் அரைகுறைப் பாட்டுகளும் இருக்கும். தனியாக வீட்டில் போட்டு, ரிகர்சலில் வாசித்தே காட்டாதது உங்களோடு வரும். எல்லோரும் கை வைத்து வளர்த்ததைக் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். நடைமுறையில் "இந்த மூணு எனக்கு, அந்த நாலு உங்களுக்கு" என்று ஒரு மெயிலில் பிரித்துக்கொள்வதுதான் வேலைக்கு ஆகிறது. உங்கள் குரலோ வாசிப்போ பழைய பேண்டின் பேக்கிங் ட்ராக்கில் இருந்தால், அதை எதுவரை ஓட்டலாம் என்பதையும் அதே மெயிலில் எழுதிவிடுங்கள்.

கடைசியாக, விலகி இரண்டு மூன்று மாதத்தில் பழைய பேண்டிலிருந்து ஒரு போன் வரும். புதிதாக வந்தவருக்கு உடம்பு சரியில்லை, சனிக்கிழமை ஷோவுக்கு வர முடியுமா என்று கேட்பார்கள். இதற்கான பதிலை முன்பே தயாராக வைத்திருங்கள்: புது பேண்டின் தேதியோடு மோதாமல் இருந்தால், கூலிக்கு, ரிகர்சல் ஒன்றோடு, நீங்கள் விலகிய நாள் வரை செட்டில் இருந்த பாட்டுகள் மட்டும். புது பேண்டிடம் முதலில் சொல்லிவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அவர்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள், மூன்றாவது ஆள் மூலம் தெரிந்தால்தான் முகம் மாறும்.